நெருப்புக்கு ஒரு சாட்சி

புடக்காரர் மனைவி சனிக்கிழமைக் கூட்டத்தில் மேடையேறி, செத்துப்போன தன் மகன் நரகத்தில் எரிந்துகொண்டிருக்கிறான் என்று சாட்சி சொல்லப்போகிறாள் என்ற சேதி புதன்கிழமை காலை பட்டறைக்கு வந்தது. கொண்டுவந்தவன் ஆசிட் கேன் இறக்க வந்த வண்டிக்காரன். கல்யாணச் சேதி சொல்வதுபோல உற்சாகமாகச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் உலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, கேனைப் பாதி இறக்கியும் இறக்காமலும் போய் வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டான்.

புடக்காரர் திரும்பவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டபடி உலைவாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றேன்.

"இரு. இது எடுக்கிற நேரம்."

நான் அதே பட்டறையின் மூலையில் தராசு பழுது பார்க்கிறவன். ஒன்பது வருஷமாக அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அவர் மனைவியை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஒடிந்த சங்கிலி, நெளிந்த கரண்டி, பட்டறைத் தரையைக் கூட்டி வாரிய தூசி என்று எது வந்தாலும் அதைப் புடம்போட்டு, சுத்த வெள்ளியைப் பிரித்துத் தருவது அவர் வேலை; அதனால்தான் புடக்காரர். எலும்புச் சாம்பலில் பிடித்த சின்னக் கிண்ணத்தில் சரக்கையும் ஈயத்தையும் சேர்த்து உலைக்குள் வைப்பார். ஈயம் உருகி, அழுக்கையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். மேலே எண்ணெய் மிதப்பதுபோல நிறங்கள் ஓடும். அப்புறம் மங்கும். அப்புறம் ஒரே ஒரு மின்னல். அந்த மின்னலோடு வெள்ளி மணி தனியாக நிற்கும். அதை இடுக்கியில் எடுத்து வைத்த பிறகுதான் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு நேத்தே தெரியும்" என்றார். "பிரசங்கியாரே வந்து என்கிட்ட சொல்லிட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்த சொல்ல? வெளிய மழை பெய்யுது, குடை கொண்டுவந்தீங்களான்னு கேட்டேன்."

அவர் அப்படித்தான். வீடே இடிந்து விழுந்தாலும் கதவைச் சாத்தினோமா என்று கேட்கிற ஆள்.

பிரசங்கியார் எங்கள் ஊருக்கு வந்து அப்போது இரண்டு வாரம் ஆகியிருந்தது. காலியாகக் கிடந்த தானியக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, கடைசிக் காலத்தைப் பற்றித் தினமும் நாலு மணிக்குக் கூட்டம் நடத்தினார். கூடவே பெரிய துணிப்படம் ஒன்று கொண்டுவந்திருந்தார். இந்தப் பக்கம் உலகம் உண்டானதிலிருந்து ஆரம்பித்து அந்தப் பக்கம் நெருப்பு ஏரியில் போய் முடிகிற படம். நீளக் கம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். தெருவில் சிலர் அவரைப் படக்காரர் என்றார்கள். "புடக்காரருக்கும் படக்காரருக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம்" என்று டீக்கடையில் ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அவரை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தாழ்ந்த குரலில் பேசுவார். பேசும்போது உண்மையாகவே அழுவார். ஒருநாள் பட்டறைக்கு வந்து உலையைப் பார்த்துவிட்டு, "வெள்ளியில உங்க முகம் தெரியிற வரைக்கும் புடம் போடுவீங்களாமே? பிரசங்கத்துல சொல்லலாம்னு இருக்கேன்" என்றார்.

"முகமா? உத்துப் பார்த்தா கண்ணு போயிடும் ஐயா" என்றார் புடக்காரர்.

பிரசங்கியார் சிரித்தார். மறுநாள் பிரசங்கத்தில் முகம் தெரியும் என்றே சொன்னார்.

அந்தப் பையன் புடக்காரருக்கு ஒரே பிள்ளை. செத்து எட்டு மாசம். இருபத்து மூன்று வயசு. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஆறாம் நாள் வெள்ளைத் துணி போர்த்தித்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். படிக்கும்போது மூன்று வருஷம் வெளியூரில் தாய்மாமன் வீட்டில் தங்கியிருந்தான். அந்த மாமன் வேதாகமக் கல்லூரியில் எபிரேய மொழி கற்றுக்கொடுக்கிறவர். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே எபிரேயு வாத்தியார்தான். பையன் அவரிடம் எழுத்துக்கூட்டிப் பழகி, பழைய தீர்க்கதரிசிகளை மூல மொழியில் வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டான். ஊர் திரும்பிய பிறகு அவன் கோயிலுக்கு வரவில்லை. "எனக்கு நம்பிக்கை இல்லம்மா. இருக்கிற மாதிரி நடிக்கவும் தெரியல" என்று அண்ணியிடம் சொன்னது மாடியில் இருந்த எனக்கே கேட்டது. சண்டைக்காரன் இல்லை. நான் கழற்றிப்போட்ட தராசை என்கூட உட்கார்ந்து மாட்டிக்கொடுப்பான். யாரையும் ஒரு வார்த்தை சுடச் சொல்லமாட்டான்.

ஆஸ்பத்திரியில் ஊர்ப் போதகர் ஜெபிக்க வந்தபோதும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டான். அப்படியேதான் போனான்.

கூட்டத்துக்குப் போக ஆரம்பித்த மூன்றாம் நாளிலிருந்து அண்ணி அடுப்பு மூட்டவில்லை. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டாள். கடை ரொட்டி, பழம், பச்சைத் தண்ணீர் என்று அந்த வீடு ஓடியது. நாள் முழுக்க உலைக்கு முன்னால் வெந்துவிட்டு வருகிற மனுஷன், ஆறிப்போன ரொட்டியைத் தண்ணீரில் தொட்டுத் தின்றுகொண்டிருப்பார். நான் மாடியிலிருந்து டீ போட்டுக் கொண்டுபோனால், அண்ணி கண்ணில் படாமல் வாசல் பக்கம் திரும்பி நின்று குடிப்பார்.

அன்றைக்கு வேலை முடிந்து மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது என்னிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். "என் மச்சான் நம்பர். நீ பேசு. வரச் சொல்லு."

"நீங்களே பேசலாமே அண்ணே."

"அவனைப் பார்த்தா அவ கோபப்படுவா. கோபப்பட்டாலாவது வாயைத் திறப்பா. எட்டு மாசமா என்கிட்ட உப்புத் தீர்ந்துபோச்சு, சோப்புத் தீர்ந்துபோச்சுன்னுதான் பேசுறா."

வாத்தியார் வெள்ளிக்கிழமை காலை வந்தார். ஒல்லியான மனுஷர். மழையில் நனைந்து, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி வாசலில் நின்றார். அண்ணி தரையில் உட்கார்ந்து பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கத்தி நின்றது.

"யார் வரச் சொன்னா?"

"நான்தான்" என்றார் புடக்காரர்.

"என் பிள்ளை செத்ததுக்கு வந்து முழுசா ரெண்டு மணி நேரம் இருந்தான். இப்ப எதுக்கு வந்தானாம்?"

"அக்கா, அன்னைக்கு நீதானே என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தின?"

"சாத்தாம? மூணு வருஷம் உன்கிட்ட விட்டேன். ஜெபம் பண்ணாமப் படுக்காத பிள்ளையை அனுப்பினேன். நீ என்னத்த திருப்பி அனுப்பின?"

நான் எழுந்து போகப் பார்த்தேன். புடக்காரர் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். வேற்று ஆள் ஒருவர் இருந்தால் சண்டை கைமீறாது என்று நினைத்திருப்பார்.

வாத்தியார் நனைந்த சட்டையோடு தரையில் உட்கார்ந்தார். "நான் அவனுக்கு எழுத்துதான் சொல்லிக்கொடுத்தேன் அக்கா. நம்பாதேன்னு சொல்லலை. நான் இன்னைக்கும் நம்புறவன்தான். அவன் போனதுல எனக்குப் பங்கு இல்லைன்னு சொல்லவும் வரல. நாளைக்கு நீ மேடையில ஏறப் போறியாமே?"

"ஏறுவேன்."

"எதுக்கு?"

"என் பிள்ளை போனது போயிட்டான். அவன் வயசுல நாலு பேர் அதைக் கேட்டுத் தப்பிக்கட்டும். பிரசங்கியார் சொன்னார், பெத்த தாய் சொன்னா கல்லும் கரையும்னு."

"அவன் நெருப்புல இருக்கான்னு உனக்கு யார் சொன்னது?"

"வேதம் சொல்லுது. அந்தப் படத்துல எல்லாம் இருக்கு. பழைய தீர்க்கதரிசிங்க சொன்னது, வேதத்தோட கடைசிப் புத்தகத்துல கண்டது, எல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு நூல் கட்டின மாதிரி இருக்கு. சூளை மாதிரி எரியிற நாள் வரும்னு உங்க எபிரேயக்காரங்கதானே சொன்னாங்க?"

"சொன்னாங்க. அதுக்கு அடுத்த பேச்சையும் கேளு. அகங்காரம் பிடிச்சவன் வைக்கோல் மாதிரி எரிவான், வேரும் மிஞ்சாது கிளையும் மிஞ்சாது, காலுக்குக் கீழ சாம்பலாக் கிடப்பான்னு அதே தீர்க்கதரிசி சொல்றார். எரிஞ்சா முடிஞ்சுபோச்சு. முடியாம எரியிற வைக்கோலை நீ எங்கயாவது பார்த்திருக்கியா?"

"புழு சாகாது, நெருப்பு அணையாதுன்னு இருக்கே? அதுவும் பழைய ஆள் சொன்னதுதானே?"

வாத்தியார் கொஞ்சம் தயங்கினார். அக்கா இவ்வளவு தயாராக இருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போல. "ஆமா. அது ஊருக்கு வெளிய விழுந்துகிடக்கிற பிணங்களைப் பத்தின பேச்சு. நெருப்பு பாதியில அணையாது, வேலையை முடிச்சுட்டுத்தான் நிக்கும்னு நான் வாசிக்கிறேன். வேற மாதிரி வாசிக்கிறவங்களும் இருக்காங்க. பொய் சொல்ல மாட்டேன்."

"பார்த்தியா!"

"இன்னும் கேளு. அந்தக் காலத்து ஆளுங்க பேசினது முக்காவாசி இந்த மண்ணுல பத்தி எரியிற நெருப்பு. ஏழை தலையை மிதிச்சவன் கோட்டை எரியும், அநியாயத் தீர்ப்பு சொன்னவன் வாசல் எரியும். இன்னொரு நெருப்பும் உண்டு, அத்தான் பட்டறையில இருக்கிற மாதிரி, வெள்ளியைச் சுத்தம் பண்ற நெருப்பு. அப்புறம் காலம் போச்சு. ஒருத்தன் மாத்தி ஒருத்தன் வந்து அடிச்சான். நல்லவன் சித்திரவதையில செத்தான், கொடுமைக்காரன் மெத்தையில செத்தான். இங்க கிடைக்காத நியாயம் சாவுக்கு அப்புறமாவது கிடைக்கணும்னு ஜனங்க ஏங்க ஆரம்பிச்சாங்க. அப்ப ஒருத்தர் சொப்பனத்துல சிங்காசனத்துக்கு முன்னால நெருப்பு நதியா ஓடுறதைப் பார்த்தார். அந்த நதிதான் கடைசிப் புத்தகத்துல ஏரியாத் தேங்கி நிக்குது."

"அப்ப ரெண்டும் ஒரே நெருப்புதானே?"

"ஒரே நெருப்புதான். ஆனா அடிபட்டவன் அழுது கேட்ட நெருப்பு அக்கா அது. ராஜாக்களுக்கு எதிராக் கேட்டது. அதை ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்த பிள்ளை மேல கொண்டுபோய்க் கொட்டுறதுக்குக் கேட்கலை."

வெளியே மழை வலுத்தது. அண்ணி நறுக்கின பழத்தைத் தட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பியின் பேச்சு அவள் காதில் ஏறுகிறது என்று எனக்குத் தோன்றியது. வாத்தியார் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"நரகத்துக்கு அவங்க வச்ச பேர் என்னன்னு தெரியுமா? அது ஒரு பள்ளத்தாக்கோட பேர். நிஜமான இடம். பெத்தவங்க தங்களோட பிள்ளைங்களைத் தீயில போட்ட இடம். கடவுளுக்குன்னு சொல்லித்தான் போட்டாங்க. அதைப் பார்த்துட்டு ஒரு தீர்க்கதரிசி கதறினார். இதை நான் கேட்கவே இல்லை, என் மனசுல தோணவே இல்லைன்னு கடவுள் சொல்றதாச் சொன்னார். நாளைக்கு நீ மேடையில நின்னு..."

"மச்சான், போதும்" என்றார் புடக்காரர்.

ஆனால் சொல் விழுந்துவிட்டது. அண்ணி தட்டைத் தள்ளிவைத்தாள்.

"நான் என் பிள்ளையைத் தூக்கித் தீயில போடுறேன்னு சொல்ற."

"அக்கா, நான்..."

"சொல்லுடா. அதைத்தான் சொல்ல வந்த. சரி, நானும் சொல்றேன், கேட்டுக்கோ. கடைசி நாள் போதகரை அவன் வேண்டாம்னுட்டான்ல. அவர் வெளிய போனதும் நான் அவன் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லுடா, உள்ளுக்குள்ள நம்பாட்டியும் எனக்காகச் சொல்லுடான்னேன். 'பொய் சொல்லிட்டுப் போகவாம்மா?'ன்னு கேட்டான். எனக்கு அப்படியே தலைக்கு ஏறிடுச்சு. 'அப்ப எரிஞ்சு போ'ன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். நான் வராண்டாவுல இருக்கும்போதே உயிர் போயிடுச்சு."

அதைப் புடக்காரர் அப்போதுதான் கேட்கிறாரா, முன்பே தெரியுமா என்று அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"நெருப்பு இல்லைன்னு சொல்லிட்டு நீ பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிடுவ" என்றாள் அண்ணி. குரல் உடையவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நெருப்பு நிஜம்னா, நான் சொன்னது எச்சரிக்கை. பிள்ளை கேட்கலை, அவ்வளவுதான். நெருப்பு இல்லைன்னா? பெத்த வாயால சாகப்போற பிள்ளைக்கு விட்ட சாபம். ரெண்டுல எதை நான் எடுத்துக்க? எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளிடா நல்ல கொள்ளி?"

இத்தனை மொழி படித்த வாத்தியார் தன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவும் இல்லை, மாட்டவும் இல்லை.

புடக்காரர் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "முப்பது வருஷமா நெருப்பு முன்னால உட்கார்ந்திருக்கேன். எதையும் அழிக்கணும்னு நான் உள்ள வச்சதில்லை. எடுக்கத்தான் வைக்கிறேன். எடுக்க வேண்டிய நேரத்துல எடுக்காம விட்டா அழுக்கு போனதோட நிக்காது, வெள்ளியும் கொஞ்சங்கொஞ்சமாப் போயிடும். முடிவே இல்லாம வச்சிருந்தா கிண்ணத்துல ஒண்ணுமே இருக்காது. அப்படி வைக்கிறவன் தொழில் தெரியாதவன்."

"உங்க தொழிலும் கடவுள் தொழிலும் ஒண்ணா?" என்றாள் அண்ணி.

"எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்ச நெருப்பைச் சொன்னேன்."

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டில் இருந்த பழத்தை நாங்கள் யாரும் தொடவில்லை. அன்று மாலை நான் கடைக்குப் போகும்போது வாத்தியார் வாசலில் நின்றிருந்தார். "வாதத்துல ஜெயிக்கணும்னு நினைச்சுட்டேன் தம்பி" என்றார் என்னிடம். "பாடம் எடுத்து எடுத்துப் பழகிப்போச்சு. பள்ளத்தாக்குச் சேதியைச் சொல்லியிருக்கக் கூடாது."

சனிக்கிழமை மழை விடவில்லை. பிரசங்கியாரே குடையோடு வந்து அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் தலையைப் படிய வாரி, துவைத்து மடித்த புடவை உடுத்தியிருந்தாள். புடக்காரர் தடுக்கவில்லை. பட்டறைச் சட்டையோடேயே பின்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் வாத்தியாரும் நானும்.

கிடங்கு நிறைந்திருந்தது. முன்வரிசை முழுக்க வாலிபப் பையன்கள், பெண்கள். தகரக் கூரைமேல் மழை கொட்டுகிற சத்தத்தில் ஒலிபெருக்கி பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. கூரையில் எங்கோ ஓட்டை. துணிப்படத்தின் வலது ஓரத்தில் தண்ணீர் இறங்கி, நெருப்பு ஏரியின் சிவப்புச் சாயம் கரைந்து கீழே சுவர்மேல் வழிந்துகொண்டிருந்தது. ஒரு தொண்டர் ஸ்டூல் போட்டு ஏறி அதைத் துண்டால் ஒற்றினார். ஒற்ற ஒற்றத் துண்டும் சிவந்தது.

பிரசங்கியார் அன்றைக்குச் சொன்னது செல்வந்தன் கதை. வாசலில் கிடந்த ஏழையைக் கண்டுகொள்ளாத செல்வந்தன் செத்த பிறகு நெருப்பில் கிடந்து, ஒரு சொட்டுத் தண்ணீருக்கு நாக்கை நீட்டிக் கெஞ்சுகிற கதை. "ஒரே ஒரு சொட்டு! விரல் நுனி அளவு! யார் கொடுப்பா?" என்று கேட்டு அழுதார். முன்வரிசையில் ஒரு பெண் தேம்பினாள். பிறகு, "தன் ஒரே மகனை இழந்த ஒரு தாய் இப்போ நமக்குச் சாட்சி சொல்லுவாங்க" என்று ஒலிவாங்கியை அண்ணியின் உயரத்துக்கு இறக்கிவைத்தார்.

அண்ணி மேடையேறினாள். இரண்டு கையாலும் ஒலிவாங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பையன் நல்ல பையன்" என்றாள். "நம்பலை. நம்பலைன்னு சொன்னான். மறைக்கலை."

"சொல்லுங்கம்மா, பயப்படாதீங்க" என்றார் பிரசங்கியார். "இப்போ அவர் எங்க இருக்கார்னு இந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க."

"அதைச் சொல்லத்தான் வந்தேன் ஐயா." அவள் முன்வரிசையைப் பார்த்தாள். அவன் வயசுப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கடைசி நாள் நான் அவனை எரிஞ்சு போன்னு சொன்னேன். அவன் கோபப்படலை. 'சரிம்மா, கொஞ்சம் தண்ணி குடு'ன்னான். செம்பு என் கையெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. நான் குடுக்கலை. கோபத்துல எழுந்து வெளிய போயிட்டேன்."

பிரசங்கியார் ஒரு அடி முன்னால் வந்தார், நின்றார்.

"நெருப்புல கிடக்கிறவன் தண்ணி கேட்பான், யாரும் குடுக்க மாட்டாங்கன்னு இப்ப சொன்னீங்க ஐயா. என் பிள்ளை உசுரோட இருக்கும்போதே கேட்டான். பெத்தவ நான் குடுக்கலை. செத்த பிறகு எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச நெருப்பு அந்த ஆஸ்பத்திரி ரூம்ல இருந்துச்சு. அதுல அவனைப் போட்டது நான்."

எத்தனையோ மேடை கண்ட பிரசங்கியார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாட்டுக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் மெதுவாக ஒரு பாட்டை ஆரம்பித்தார். யாரும் கூடப் பாடவில்லை. அவரும் நிறுத்திவிட்டார்.

புடக்காரர் வரிசைகளுக்கு நடுவே நடந்து போய், மேடைக்குக் கீழே நின்று கையை நீட்டினார். உலைச் சூட்டில் மயிரெல்லாம் பொசுங்கிப்போன கை. அண்ணி அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வழியில் இருந்தவர்கள் கால்களை மடக்கி இடம் விட்டார்கள். வாத்தியார் எழுந்து அக்காவைத் தொடப் போனார். அவள் அவரை உதறவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

வெளியே தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. எங்களிடம் இருந்தது இரண்டே குடை. ஒன்றில் அவர்கள், பின்னால் ஒன்றில் வாத்தியாரும் நானும். மூடிக்கிடந்த கடைகளைத் தாண்டி, பஸ் நிறுத்தம் தாண்டி நடந்தோம். தெரு திரும்புகிற இடத்தில் புடக்காரர் நின்றார். நாங்களும் நின்றோம்.

"நான் குடுத்தேன்" என்றார்.

"என்ன?"

"தண்ணி. நீ வெளிய வந்தப்ப நான் உள்ள போனேன்ல. தண்ணின்னான். குடுத்தேன்."

அண்ணி குடைக்கு வெளியே போய் நின்று அவரைப் பார்த்தாள். மழை அவள் வாரிய தலையில் இறங்கியது.

"ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"நீ தண்ணியைப் பத்திச் சொன்னதே இன்னைக்குத்தானே. உன்கிட்ட அவன் கேட்டிருந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அது ஒரு சாதாரணத் தண்ணி. தாகம்னான், குடுத்தேன்."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல நினைத்திருந்தால் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"இல்ல. ஒண்ணும் சொல்லலை. குடிச்சான். தொண்டை வறண்டு கிடந்துச்சு, பாதி வெளிய வழிஞ்சுது. இன்னும் கொஞ்சம்னு கேட்டான்."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"அதைக் குடிச்சானா?"

"முழுசாக் குடிச்சான்" என்றார் புடக்காரர்.

அண்ணி தெருவோரம் இருந்த சிமெண்டுக் கட்டையில், மழையிலேயே உட்கார்ந்தாள். எட்டு மாசத்தில் முதல்தடவையாக அழுதாள். அவர் குடையை மடக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.